ஓ.எம்.ஆரில் புதுக் கட்டடத்தில் கடை எடுக்கப் போகிறீர்களா? முதல்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னை ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டித் தெற்கே வண்டியை விட்டால் இரண்டு பக்கமும் போர்டுதான். மேலே அடுக்கடுக்காக வீடுகள், கீழே வரிசையாகக் கடைகள், ஓரத்தில் ஃபுட் கோர்ட், படத்தில் கையில் பையோடு சிரித்தபடி நடக்கும் ஒரு குடும்பம். செம்மஞ்சேரி, நாவலூர், ஏகாட்டூர், படூர், கேளம்பாக்கம் வரை ஏறக்குறைய இதே படம். சில கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன, சிலவற்றில் கிரேன் சுற்றுகிறது, சிலவற்றில் போர்டு மட்டும் வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கீழ்தளக் கடைகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, முதல்முறையாக ஒரு டிஃபன் கடையோ பேக்கரியோ மருந்துக்கடையோ போடலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் சாப்பாட்டுக் கடையை வைத்தே சொல்கிறேன். சிக்கல் அதில்தான் அதிகம். அதற்குச் சரிப்பட்டு வரும் கட்டடம் மற்ற எந்தக் கடைக்கும் சரிப்பட்டு வரும். பல ஊரில் கிளை வைத்திருக்கும் பெரிய கடைக்காரர்களுக்கு இது தேவையில்லை, இடம் பார்ப்பதற்கென்றே அவர்களிடம் ஆள் உண்டு.

என் கட்சி ஒன்றுதான். இந்த ரோட்டில் எல்லாரும் வரப்போவதைக் காட்டித்தான் வாடகை கேட்பார்கள். மெட்ரோ வரப்போகிறது, புது ஐ.டி. பார்க் வரப்போகிறது, பக்கத்து டவரில் நூற்றுக்கணக்கில் குடும்பங்கள் வரப்போகின்றன. வரட்டும், நல்லதுதான். நீங்கள் இன்றைக்கு அங்கே இருக்கிற ஆளை மட்டும் கணக்கில் வைத்து வாடகை பேசுங்கள்.

ரோட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய மகாபலிபுரம் சாலை, அரசுப் பெயரில் ராஜீவ் காந்தி சாலை. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் வந்தது, 2008-இல் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஆறுவழிச் சாலை திறந்தது. ஐ.டி. கம்பெனிகள் முதலில், வீடுகள் அதற்குப் பின்னால், கடைகள் கடைசியாக: இந்த வரிசையில்தான் இங்கே எல்லாம் வந்தது. அதனால்தான் இன்றும் கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம் பக்கம் மதியச் சாப்பாட்டுக் கூட்டமும், நாவலூருக்குத் தெற்கே ராத்திரி டிஃபன் கூட்டமும் தூக்கலாக இருக்கும். சிறுசேரி சிப்காட் பக்கத்தில் இரண்டும் கலந்து வரும், கூடவே பி.ஜி. விடுதிகளில் தங்கியிருக்கும் பிள்ளைகளின் கூட்டமும் உண்டு. இதில் உங்கள் சரக்கு எந்த நேரத்துக்கானது என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு நேரமும் ஓடும் என்று புரோக்கர் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு கோடும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது. செம்மஞ்சேரி வரை சென்னை மாநகராட்சி, சோழிங்கநல்லூர் மண்டலம். நாவலூரில் கால் வைத்தால் செங்கல்பட்டு மாவட்டம், ஊராட்சிகள். குப்பை யார் எடுப்பது, தொழில் உரிமம் எங்கே வாங்குவது, சொத்து வரி யாருக்கு, சாக்கடை இருக்கிறதா இல்லையா எல்லாம் இந்தக் கோட்டைப் பொறுத்து மாறும். பார்க்கிற கடை எந்தப் பக்கம் என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாவலூர் டோல்கேட் 2023 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு டோல் கொடுக்க யோசித்து இந்தப் பக்கமே திரும்பாதவர்கள் இருந்தார்கள். கேளம்பாக்கத்திலிருந்து சாயங்காலம் நாவலூர் வரை வந்து சாப்பிட்டுப் போவது இப்போது சாதாரணம். வார இறுதி என்றால் முன்பு வேளச்சேரி ஃபீனிக்ஸ் மாலுக்குத்தான் போக வேண்டும், இப்போது ஏகாட்டூரிலேயே மெரினா மால் இருக்கிறது. இதில் உங்களுக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. குடும்பங்கள் இந்த ரோட்டிலேயே தங்குகின்றன, சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் கடைக்கு வர வேண்டியவர்கள் மாலுக்குள் போய்விடுவார்கள்.

ஆளை எண்ணுங்கள்

மற்ற எதில் அவசரப்பட்டாலும் இதில் அவசரப்படாதீர்கள். பில்டர் கொடுக்கும் காகிதத்தில் 'சுற்றிலும் இத்தனை ஆயிரம் வீடுகள்' என்று இருக்கும். விற்ற வீடு வேறு, குடியிருக்கும் வீடு வேறு. முதலீட்டுக்கென்று வாங்கிப் பூட்டி வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள், வாடகைக்கு ஆள் கிடைக்காதவர்கள் என்று புது டவர்களில் காலி வீடு நிறையவே இருக்கும்.

ராத்திரி எட்டு, எட்டரை மணிக்கு எதிர்ப்பக்கம் நின்று டவரைப் பாருங்கள். எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது? பகலில் போனால் எத்தனை பால்கனியில் துணி காய்கிறது, எத்தனை ஏசி வெளியலகு மாட்டியிருக்கிறது? தண்ணீர் கேன் போடும் பையனிடம் கேட்டால் எந்த பிளாக்கில் எத்தனை வீட்டுக்குக் கேன் போகிறது என்று விரல்விட்டுச் சொல்லிவிடுவான். பில்டரின் விற்பனை மேலாளரைவிட அவன் சொல்வதை நான் நம்புவேன். காலையில் ஏழு, ஏழரைக்குப் பள்ளி வேன் நிற்கும் இடத்தில் எத்தனை பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகள் இருந்தால் அந்த வளாகத்தில் குடும்பங்கள் நிலைத்துவிட்டன என்று அர்த்தம், பேக்கரியும் ஸ்டேஷனரியும் ஓடும். பிள்ளைகளைக் காணோம், பைக்குகள்தான் வரிசையாக நிற்கின்றன என்றால் அது பேச்சிலர்கள் கூட்டம். மெஸ், ஜூஸ் கடை, சலூன் போடலாம்.

ஐ.டி. அலுவலகக் கூட்டத்தை நம்பி இறங்குபவர்கள் கிழமையைக் கவனிக்க வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வது பாதி நாள் என்று ஆன பிறகு, செவ்வாய், புதன், வியாழனில் வரும் கூட்டம் வெள்ளிக்கிழமை வருவதில்லை. புதன்கிழமை மதியம் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு 'ஜே ஜேன்னு இருக்கு' என்று அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. வெள்ளி மதியம், ஞாயிறு காலை, மழை பெய்யும் ஒரு சாயங்காலம் என்று மாற்றி மாற்றிப் போய்ப் பாருங்கள்.

அடுத்து, ரோட்டின் எந்தப் பக்கம்? ஆறுவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் என்பது இன்னொரு ஊர் மாதிரி. நடுவில் தடுப்புச் சுவர், யு-டர்ன் எங்கோ தூரத்தில். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் இடது பக்கம் இருக்கும் கடையில்தான் வண்டியை நிறுத்துவார். நகரத்திலிருந்து தெற்கே திரும்பும் பக்கம் என்றால் சாயங்காலக் கடைக்கு நல்லது. நகரத்துக்குப் போகும் பக்கம் என்றால் காலை டிஃபனும் காபியும். மெட்ரோவின் மூன்றாவது வழித்தடம், மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை, இந்த ரோட்டின் மேல்தான் போகிறது. மாதவரத்திலிருந்து கோயம்பேடு வழியாக வரும் ஐந்தாவது வழித்தடம் சோழிங்கநல்லூரில் வந்து முடிகிறது. தூண், தடுப்புத் தகரம், மாற்றுப்பாதை என்று யு-டர்ன்கள் இடம் மாறியபடியே இருக்கின்றன. கடை வாசலுக்கு முன்னால் தகரம் நின்றால் போர்டே தெரியாது. நிலையம் வரும்போது ஏறி இறங்கும் படிக்கட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதையும் விசாரியுங்கள். ஐம்பது அடி வித்தியாசத்தில் ஒரு கடைக்கு யோகம் அடிக்கும், அடுத்த கடை அப்படியே கிடக்கும்.

உள்தெருக்களை மறந்துவிட வேண்டாம். தாழம்பூர் ரோடு, வண்டலூர்–கேளம்பாக்கம் ரோடு, பெரும்பாக்கம் பக்கம் எல்லாம் மெயின் ரோட்டைவிட வாடகை குறைவு. வீட்டுக்கூட்டத்தை நம்பும் சின்னக் கடைக்கு மெயின் ரோட்டின் பளபளப்பு தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

காகிதங்கள்

கட்டடம் பிடித்துவிட்டது என்றால் அடுத்து காகிதம். முதல் கேள்வி: திட்ட அனுமதி யார் கொடுத்தது? சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ.வின் எல்லை 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. அதற்கு முன்னால் நாவலூருக்குத் தெற்கே நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி.தான். எந்த அலுவலகம் என்பது பெரிய விஷயமில்லை. அனுமதி பெற்ற வரைபடத்தின் நகலை வாங்கி, உங்களுக்குக் காட்டிய இடம் அதில் என்னவென்று போட்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் விஷயம். 'கடை' என்று போட்டிருந்தால் சரி. வாகன நிறுத்துமிடம் என்று போட்டிருக்கும் இடத்துக்கு ஷட்டர் போட்டுக் காட்டினால் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நாளைக்கு சீல் வைக்க வந்தால் உள்ளே இருப்பது உங்கள் கல்லாதான்.

இரண்டாவது, பணி நிறைவுச் சான்றிதழ், சுருக்கமாக சி.சி. சின்னக் கட்டடங்களுக்கு விலக்கு உண்டு, பல மாடிக் கலப்புக் கட்டடங்களுக்கு இல்லை. இது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. 'சி.சி. அடுத்த மாசம் வந்துடும், நீங்க இன்டீரியர் ஆரம்பிங்க' என்று சொல்வார்கள். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில் கடை நடத்துவது செலவு மட்டுமில்லை, தப்பும்கூட.

மூன்றாவது, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு. விற்பனைக்கான திட்டம் 500 சதுர மீட்டர் நிலத்துக்கு மேலோ எட்டு அலகுகளுக்கு மேலோ இருந்தால் பதிவு கட்டாயம், கடைகள் விற்கும் திட்டமும் அதில் அடங்கும். விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினால் முடிக்கிறோம் என்று பில்டர் எழுதிக் கொடுத்த தேதி கிடைக்கும். போர்டில் இருக்கும் தேதியை விட்டுவிட்டு இதைப் பாருங்கள். விற்காமல் வாடகைக்கு மட்டும் விடும் மால்களுக்குப் பொதுவாக இந்தப் பதிவு இருக்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், துரைப்பாக்கம் பக்கம் இன்னும் எழும்பாத கட்டடத்துக்கு முன்பணம் கேட்டால் கூடுதலாக ஒரு விசாரணை தேவை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புது அனுமதி கொடுப்பதை நிறுத்தி வைக்கச் சொன்னது. நீங்கள் பார்க்கிற மனைக்கு அனுமதி எந்தத் தேதியில் வாங்கியது, அது இந்த வட்டத்துக்குள் வருகிறதா, இப்போதைய நிலவரம் என்ன என்று வக்கீலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணத்தில் கை வைக்க வேண்டும்.

புகை, தண்ணீர், கேஸ்

சாப்பாட்டுக் கடைக்காரர் புதுக் கட்டடத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் புகையில்தான். மேலே வீடு, கீழே கடை என்ற கட்டடத்தில் கட்டடக் கலைஞர் கடைக்கு ஷட்டரும் ஒரு கழிப்பறையும் வரைந்திருப்பார், அடுப்பை நினைத்தே பார்த்திருக்க மாட்டார். 'பின்சுவத்துல ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கோங்க சார்' என்பார்கள். அந்த ஃபேனுக்கு நேர் மேலே முதல் மாடி பால்கனி. காலை ஆறு மணிக்கு நீங்கள் சாம்பாருக்கு மிளகாய் கிள்ளித் தாளித்தால் மேலே இருப்பவர் தும்மிக்கொண்டே எழுந்திருப்பார். முதல் வாரம் வாட்சப் குழுவில் முணுமுணுப்பு, இரண்டாவது வாரம் சங்கத்திலிருந்து கடிதம், அப்புறம் அடுப்பை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: சமையலறைப் புகை மொட்டை மாடி வரை போக இந்தக் கடைக்கென்று தனியாகக் குழாய்வழி இருக்கிறதா? 'இருக்கு' என்றால் லிஃப்டில் ஏறி மொட்டை மாடிக்குப் போய் அது எங்கே முடிகிறது என்று கண்ணால் பாருங்கள். மழைநீர்க் குழாயையும் கழிப்பறைக் காற்றுக்குழாயையும் காட்டி டக்ட் என்று சொல்கிறவர்கள் உண்டு. வழி இல்லை, ஆனால் வெளிச்சுவரில் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்றால், அந்த அனுமதியை ஒப்பந்தத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். குடியிருப்போர் சங்கத்திடம் கட்டடம் கைமாறிய பிறகு பில்டர் வாயால் சொன்னது செல்லாது. புகைவழி கிடைக்காத கடையில் தோசைக்கல்லும் தந்தூரும் வேண்டாம். சாட், ஐஸ்கிரீம், வெளியில் சுட்டு வரும் பேக்கரிச் சரக்கு என்று மாற்றி யோசியுங்கள்.

தண்ணீர் இரண்டாவது. ஓ.எம்.ஆரில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது, டீ ருசிக்காது. வளாகங்கள் டேங்கர் லாரியை நம்பித்தான் ஓடுகின்றன, 12,000 லிட்டர், 24,000 லிட்டர் லாரிகள் வரிசையாக நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டு ஆலைகள் இருக்கின்றன. நாளுக்கு 100 மில்லியன் லிட்டரில் ஒன்று 2013-இலிருந்து, 150 மில்லியன் லிட்டரில் இன்னொன்று 2024-இலிருந்து. ஆனால் ஆலை பக்கத்தில் இருப்பதற்கும் உங்கள் கடைக்குக் குழாய் வருவதற்கும் சம்பந்தம் இல்லை. கடைக்குத் தனி மீட்டர் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தருவார்கள், மே மாதம் லாரி விலை ஏறினால் அந்த ஏற்றம் யார் தலையில்? இந்த மூன்றையும் கேளுங்கள். முடிந்தால் பராமரிப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துவந்து வீட்டில் டீ போட்டுப் பாருங்கள்.

கழிவுநீர் இதோடு ஒட்டியது. பாதாளச் சாக்கடை இல்லாத வளாகத்தில் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருப்பார்கள். பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் நேரே அதற்குள் போனால் நிலையம் படுத்துவிடும், பழி உங்கள் மேல் விழும். எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி வைக்கக் கடைக்குள்ளோ வெளியிலோ இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டியை வாரம் ஒருமுறையாவது வழித்தெடுக்க ஒரு ஆளையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் விஷயத்தில் கணக்கு எளிது. உரிமம் இல்லாமல் 100 கிலோ வரைதான் எல்.பி.ஜி. வைத்திருக்கலாம், அதாவது 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஐந்து. காலியாகாமல் இருப்பது, மாற்றுக்கு வைத்திருப்பது எல்லாம் சேர்த்து. சிலிண்டரைக் கடைக்கு வெளியே காற்றோட்டமான கூண்டில் வைக்க இடம் தருவார்களா என்று கேளுங்கள். வாகன நிறுத்துமிட அடித்தளத்தில் வை என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கசிந்த கேஸ் கீழேதான் இறங்கித் தங்கும்.

அப்புறம் மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்தக் கட்டடத்துக்கு முன்னால் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். அப்போது கட்டடமே இல்லை என்றாலும் டீக்கடைக்காரருக்கு அந்த இடம் நினைவிருக்கும். ஜெனரேட்டரும் மின் பலகையும் அடித்தளத்தில் இருந்தால், ஒரு நல்ல மழைக்கு உங்கள் ஃப்ரீசரில் இருக்கும் சரக்கு மொத்தமும் போகும்.

வாடகைக் கணக்கு

சதுர அடி வாடகையைக் கேட்டதும் சந்தோஷப்பட வேண்டாம். எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். நடைபாதை, லிஃப்ட், படிக்கட்டு எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்த 'சூப்பர் பில்ட்-அப்' அளவுக்குத்தான் வாடகை போடுவார்கள். உங்கள் மேஜை நிற்பது கார்பெட் அளவில், அதாவது சுவருக்குள் இருக்கும் தரையில்.

ஒரு மாதிரிக் கணக்கு. ஒப்பந்தத்தில் 800 சதுர அடி, உள்ளே அளந்தால் 520. வாடகை சதுர அடிக்கு 80 ரூபாய், ஆக 64,000. பராமரிப்பு அடிக்கு 15 ரூபாய், 12,000. இரண்டுக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 13,680. மொத்தம் 89,680. மேஜை போடும் 520 அடிக்கு வகுத்தால் அடிக்கு 172 ரூபாய் வருகிறது. எண்பது ரூபாய்க் கடை என்று நினைத்தது 172 ரூபாய்க் கடை.

அந்த ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்று பேன்சிக் கடைக்காரர் சொல்வார். அவருக்குச் சரி. உணவகம் 5 சதவீத வரியில் ஓடுகிறது, உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. வாடகைக்குக் கொடுக்கிற 18 சதவீதமும் உங்கள் கைக்காசு. கட்டட உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர், நீங்கள் பதிவு செய்தவர் என்றாலும் தப்பிக்க முடியாது; 2024 அக்டோபரிலிருந்து அந்த வரியை வாடகைதாரரே நேரடியாகக் கட்ட வேண்டும், விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குத்தான் விலக்கு. மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் டி.டி.எஸ்., அதாவது வாடகையிலிருந்து வருமான வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பும் வரலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஆடிட்டரைப் பாருங்கள். கொடுத்த பிறகு பார்த்தால் அவர் அனுதாபம்தான் படுவார்.

வாடகையும் பராமரிப்பும் சேர்ந்து விற்பனையில் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் அளவு. 89,680-க்கு மாதம் ஆறு லட்சம் விற்க வேண்டும், நாளுக்கு 20,000. ஒரு பில் சராசரி 120 ரூபாய் என்றால் தினமும் 167 பில், லீவு நாளே இல்லாமல். இப்போது விளக்கு எரிந்த ஜன்னல்களை எண்ணினீர்களே, அந்த எண்ணை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள். அதிலிருந்து 167 பில் வருமா?

மால் என்றால் கணக்கு வேறு மாதிரி: குறைந்தபட்ச வாடகை அல்லது விற்பனையில் ஒரு பங்கு, எது அதிகமோ அது. கூட்டம் இல்லாத மாதத்திலும் குறைந்தபட்சம் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் கடைக்கு மால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஒப்பந்தம்

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. கடைகளுக்கும் பொருந்தும், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். 'வேறு மாதிரி ஒப்பந்தம்' என்ற அந்த வாசல் வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் உள்ளே வருகிறது. புதுக் கட்டடத்தில் பாதிக் கடை காலியாக இருக்கும்போது பேரம் பேச உங்களுக்கு இடம் உண்டு, பேசுங்கள்.

வாடகை எந்த நாளிலிருந்து ஓடும் என்பதில் கறாராக இருங்கள். சாவி கொடுத்த நாளிலிருந்து என்று எழுதுவார்கள். கேட்ட கிலோவாட்டில் மும்முனை மின் இணைப்பும் தண்ணீரும் கொடுத்த நாளிலிருந்து, அதிலும் உள்வேலைக்கு இரண்டு மாதம் வாடகை இல்லாமல், என்று மாற்றச் சொல்லுங்கள். லாக்-இன் காலம், அதாவது ஒப்பந்தத்தை இடையில் முறிக்க முடியாத காலம், உரிமையாளரை மட்டும் கட்டட்டும். உங்களையும் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு வருஷத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டையும் தியேட்டரையும் காட்டித்தானே வாடகை கேட்கிறார்கள்? அப்படியானால் அவை திறக்கும் வரை பாதி வாடகை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே வரப்போகிறது என்றால் அவர்கள் தயங்க மாட்டார்கள். தயங்கினால் உங்களுக்குச் செய்தி கிடைத்துவிட்டது.

போர்டு எங்கே, எத்தனை அடி. டெலிவரி பையன்கள் பைக் நிறுத்த இடம் எங்கே. ராத்திரி எத்தனை மணி வரை கேட் திறந்திருக்கும். சில்லறையாகத் தெரியும் இவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். செக்யூரிட்டி ஒருவர் சுவிக்கி, ஜொமாட்டோ பைக்குகளை ரோட்டிலேயே நிறுத்த ஆரம்பித்தால் உங்கள் ஆர்டர் பாதியாகும்.

உரிமம், போர்டு, வாசல்

உணவுப் பாதுகாப்பு உரிமம் கடைக்குத் தனி. 14 இலக்க எண், கடையில் தெரியும்படி மாட்ட வேண்டும், விற்பனை அளவைப் பொறுத்துப் பதிவா உரிமமா என்பது மாறும். தொழில் உரிமம் மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ, தீயணைப்புத் துறைச் சான்று, எடை போட்டு விற்றால் தராசுக்கு முத்திரை. இதெல்லாம் ஒரு ஏஜென்டிடம் கொடுத்தால் முடியும் வேலைதான். விண்ணப்பத்தில் இருக்கும் கைபேசி எண் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும், அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது ஏஜென்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பெயர்ப் பலகையில் தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும். தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, வேறு மொழி இருந்தால் இரண்டு. ஃபிரான்சைஸ் எடுப்பவர்கள் கம்பெனி அனுப்பும் ஆங்கில போர்டை அப்படியே மாட்டிவிட்டு அபராதம் கட்டுகிறார்கள். வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-இல் கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது, கல்லாவுக்குப் பின்னால் இடம் ஒதுக்கும்போதே இதையும் சேர்த்துவிடுங்கள். பார்சலுக்கு பிளாஸ்டிக் தாள், கேரி பேக், ஸ்ட்ரா எல்லாம் 2019-இலிருந்து தடை. வாழையிலைக்கும் துணிப்பைக்கும் ஆகும் செலவை விலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

திறக்கும் நாளுக்கு முந்தைய வேலை ஒன்று பலரும் விட்டுவிடுவது. இந்த வளாகங்களுக்கு வாசல் இரண்டு மூன்று இருக்கும், வரைபடத்தில் பின் விழுவது பெரும்பாலும் அபார்ட்மெண்ட் மெயின் கேட்டில். வாடிக்கையாளரும் டெலிவரி பையனும் அங்கே போய் நிற்பார்கள், செக்யூரிட்டி 'கடை இந்தப் பக்கம் இல்ல' என்று திருப்பி அனுப்புவார். கூகுள் மேப்பிலும் டெலிவரி ஆப்களிலும் பின்னை உங்கள் ஷட்டருக்கு நேராக இழுத்து வையுங்கள். பிறகு இரண்டு திசையிலிருந்தும் நீங்களே பைக்கில் வந்து, மேப் சொல்கிற வழி சரியாக வாசலில் கொண்டுவந்து விடுகிறதா என்று பாருங்கள். மெட்ரோ வேலைக்காக யு-டர்ன் இடம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.